மதமதக்கத் தாழியைத் தேடி பொருநைக்கரையில நாலு நாள்

முதல் நாள், எழும்பூர்

நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்ப இன்னும் நேரம் இருக்கு, பிளாட்பார பெஞ்சுல உக்காந்து போன்லயே இத டைப் பண்ணிட்டு இருக்கேன். நாலு நாள் லீவு போட்டாச்சு. தினமும் ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி அன்னைக்குப் பாத்தத எழுதிப் போடணும்னு முடிவு.

எதுக்கு இந்தப் பயணம்னா எங்க ஆச்சி சொன்ன ஒரு கதைக்காக. சின்ன வயசுல லீவுக்கு ஊருக்குப் போனா ராத்திரி வாசல்ல பாய விரிச்சிப் படுத்துக்கிட்டு ஆச்சி சொல்லுவா. "அந்தக் காலத்துல மனுசருக்குச் சாவே கெடையாதுல. வயசாக வயசாக சுருங்கிச் சுருங்கிப் பூனைக்குட்டி கணக்கா ஆயிருவாவ. மாடக்குழியில தூக்கி வச்சா வச்ச எடத்துல இருப்பாவ. பேச்சும் கெடையாது நடையும் கெடையாது. பெத்த பிள்ளைய எத்தன நாளைக்குப் பாக்கும்? பெரிய தாழியா வனைஞ்சு, உள்ள சோறு தண்ணி வெளக்கு எல்லாம் வச்சு, அதுக்குள்ள உக்கார வச்சு மூடிருவாவ. அதான் மதமதக்கத் தாழி." கேட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது. உயிரோடயா ஆச்சின்னு கேப்பேன். ஆமால, உயிரோடதான்னுவா.

ஆச்சி போன வருசம் போயிட்டா. கடைசி மூணு மாசம் படுக்கைதான், உண்மையிலயே சுருங்கிட்டா, காலை மடக்கி நெஞ்சோட சேத்து ஒருக்களிச்சுக் கிடக்கும்போது ஒரு பச்சப்பிள்ள அளவுதான் இருந்தா. அப்ப இருந்து அந்தத் தாழிக் கதை மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. முதுமக்கள் தாழின்னு பாடப் புத்தகத்துல படிச்சது வேற, அதுக்குள்ள இருந்தவங்க யாரு, உண்மையிலயே உயிரோட வச்சாங்களான்னு நேர்ல போய்த் தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு.

ரயிலுக்கு முன்னாடி பகல்ல எழும்பூர் மியூசியம் போனேன். 1899ல இருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரீன்னு தொல்லியல் துறை அதிகாரி, பொருநைக்கரையில, அதாவது தாமிரபரணிக் கரையில இருக்கிற ஆதிச்சநல்லூர் இடுகாட்டுல தோண்டி எடுத்த சாமான்கள் இங்கதான் இருக்கு. வெண்கலச் சாமானைப் பாத்துட்டு ரொம்ப நேரம் நகரவே முடியல. ஜாடி மூடி மேல எருமை, ஆடு, சேவல், பறவைன்னு குட்டிக் குட்டியா வார்த்து வச்சிருக்காங்க. எருமைக்குக் கொம்பு பின்னால நல்லா வளைஞ்சு கிடக்கு, நம்ம ஊர் ஆத்துல குளிக்கிற எருமையேதான். செத்தவங்களுக்குக் குடுத்தனுப்புற சாமான்ல இவ்வளவு பொறுமையா எருமை செஞ்சவன் எப்படிப்பட்ட ஆளா இருப்பான்! பக்கத்துல துருப்பிடிச்ச இரும்பு வாளு, ஈட்டி, கத்தி.

வண்டி வந்தாச்சு. மிச்சம் நாளைக்கு.

ரெண்டாம் நாள், ஆதிச்சநல்லூர்

திருநெல்வேலி ஜங்ஷன்ல இறங்கிக் குளிச்சிட்டு திருச்செந்தூர் பஸ் புடிச்சேன். பாளையங்கோட்டை, கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், அதத் தாண்டினா ஆதிச்சநல்லூர், திருநெல்வேலியில இருந்து ஒரு 24 கிலோமீட்டர் இருக்கும். பொங்கல் முடிஞ்ச நேரம், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பிசான நெல்லுப் பயிர் பச்சப்பசேல்னு நிக்குது, வாய்க்கால்ல தண்ணி. கருங்குளத்துல சித்தப்பா டிவிஎஸ் எக்ஸெல்லோட நின்னாரு. "ஏல, ராத்திரி பூரா ரயில்ல வந்துட்டு நேரா சுடுகாட்டுக்கா போற? வீட்டுக்கு வந்து ரெண்டு இட்லி தின்னுட்டுப் போலாம் வா"ன்னாரு. அப்படியே செஞ்சோம்.

பரம்புன்னுதான் ஊர்க்காரங்க சொல்றாங்க. ரோட்ட ஒட்டியே இருக்கு. சுத்தி வயலும் வாழையும், நடுவுல இது மட்டும் செம்மண்ணும் வெள்ளைச் சரளையுமா, உடைமரமும் முள்ளுமா நீளமா மேடா கிடக்கு. ரீ கணக்குப்படி 114 ஏக்கர். இவ்வளவும் ஒரே இடுகாடு! ஒரு நிமிசம் நின்னு அந்த அளவ மனசுல வாங்கிக்கிடணும், ஏன்னா ஒரு தலைமுறை ரெண்டு தலைமுறைக்கு இவ்வளவு இடம் தேவையே இல்ல, நூத்துக்கணக்கான வருசமா ஒரே இடத்துக்குக் கொண்டு வந்துக்கிட்டே இருந்திருக்காங்க. 2004ல சத்தியமூர்த்தி தலைமையில மத்திய தொல்லியல் துறை தோண்டினப்ப சின்ன இடத்துலயே 160க்கும் மேல தாழிங்க கிடைச்சுது, அதுவும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கடுக்கா. கீழ இருக்கிறவங்க பழைய ஆளுங்க, மேல இருக்கிறவங்க அவங்க பேரன் பேத்திங்களா இருக்கலாம்.

இடத்த ஏன் இங்க புடிச்சாங்கன்னு சித்தப்பாட்ட கேட்டேன். அவரு விவசாயி, யோசிக்கவே இல்ல. "விளையிற நெலத்துல எவன்ல பொதைப்பான்? இது ஒண்ணுக்கும் ஆகாத சரள. ஆத்துத் தண்ணி ஏறினாலும் மேட்டுக்கு வராது"ன்னாரு. எனக்கு அது சரியாத்தான் படுது. ஆனா அதுக்காக லேசான வேலையும் இல்ல. இந்தக் கெட்டிச் சரளையையும் பாறையையும் குடைஞ்சு தாழி உக்காருற அளவுக்குக் குழி வெட்டிருக்காங்க, ஒவ்வொரு குழிக்கும் நடுவுல பாறைய அப்படியே தடுப்பா விட்டிருக்காங்க.

2023 ஆகஸ்ட்ல இங்க ஒரு இட அருங்காட்சியகம் திறந்தாங்க, அதாவது தோண்டின குழிய அப்படியே விட்டுட்டு மேல கண்ணாடி போட்டிருக்காங்க. செருப்பக் கழட்டிட்டு அந்தக் கண்ணாடி மேல நின்னேன். யாரும் கழட்டச் சொல்லல, எனக்குத்தான் செருப்போட நிக்க மனசு வரல. கீழ பாத்தா தாழிங்க. சிலது முழுசா, சிலது வாய் உடைஞ்சு, சிலது மண்ணு பாரத்துல நசுங்கி ஓடு ஓடா விரிஞ்சு கிடக்கு. அடி கூம்பா இருக்கிறதால தானா நிக்காது, குழிக்குள்ள இறக்கினாத்தான் நிக்கும். வயிறு அகலம், வாய் அத விடச் சின்னது. ஒரு தாழி என் காலுக்கு நேர் கீழ, அதோட கழுத்துல கயிறு சுத்தின மாதிரி ஒரு பட்டை. குனிஞ்சு நல்லா பாத்தப்பதான் தெரிஞ்சுது, அது கயிறு இல்ல, ஈர மண்ணுப் பட்டைய ஒட்டி கட்டைவிரலால வரிசையா அழுத்தி அழுத்திப் பள்ளம் பண்ணிருக்காங்க. ஒவ்வொரு பள்ளமும் ஒரு விரல் அளவு. என் கட்டைவிரல கண்ணாடி மேல வச்சுப் பாத்தேன். கிட்டத்தட்ட 3000 வருசத்துக்கு முன்னாடி பானை வனையிற ஒரு வேளார் வச்ச விரல்!

வயசு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. இங்க கிடைச்ச பொருள அமெரிக்காவுல லேபுக்கு அனுப்பி கார்பன் டேட்டிங் பண்ணினதுல ஒண்ணுக்கு கி.மு. 905ன்னு 2019ல முடிவு வந்துச்சு. 2004ல தோண்டி எடுத்த பொருள், முடிவு வர 15 வருசம் ஆச்சு, அதுவும் கோர்ட்டுல கேஸ் போட்டு கேள்வி கேட்ட பிறகுதான். எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. 1876லயே ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் வந்து தோண்டி, கிடைச்சதெல்லாம் பெர்லின் மியூசியத்துக்குப் போயிருச்சு. 1903, 1904 வாக்குல பிரான்ஸ்ல இருந்து லாப்பிக்னு ஒருத்தர். ரீ தோண்டினதும் அந்தக் காலத்துலதான். அதுக்கப்புறம் கிட்டத்தட்ட 100 வருசம் இந்தப் பரம்பு சும்மாவே கிடந்திருக்கு.

சரி, ஆச்சி கதைக்கு வர்றேன். உயிரோட வச்சாங்களா?

இல்ல. படிச்சதையும் இங்க பாத்ததையும் சேத்து யோசிச்சா அந்தக் கதை நிக்கல. சில தாழியில ஆள முழுசா மடக்கி உக்கார வச்ச மாதிரி எலும்புக்கூடு இருந்திருக்கு, ஆனா நிறைய தாழியில மண்டையோடும் கை கால் நீள எலும்பும்னு கொஞ்சம்தான் இருந்துச்சு. அப்படின்னா உடம்ப முதல்ல வேற எங்கயோ போட்டு வச்சிருந்து, சதையெல்லாம் போன பிறகு எலும்ப மட்டும் பொறுக்கி எடுத்துத் தாழிக்குள்ள வச்சிருக்காங்க. செத்தவங்களுக்கு ரெண்டு தடவ சடங்கு. அப்புறம் முதுமக்கள்னு பேரு வச்சிருக்கோமே தவிர உள்ள இருந்தவங்க எல்லாரும் கிழவன் கிழவி இல்ல. நடுவயசு ஆளுங்க இருந்திருக்காங்க, சின்னப் பிள்ளைங்களும் இருந்திருக்கு.

உள்ள என்னென்ன வச்சாங்கன்னு பாத்தாலே அவங்க மனசு தெரிஞ்சிரும். குட்டிக் குட்டி கருப்பு சிவப்புக் கலயம், அதுல சிலதுல நெல்லு உமி, தானிய உமி. துணி இத்துப்போன தடம். தங்கத்துல நெத்திப்பட்டம், முட்டை வடிவத்துல மெல்லிசா தட்டி புள்ளி புள்ளியா கோலம் போட்டு, கட்டிக்கிறதுக்கு ரெண்டு முனையிலயும் ஓட்டை. ரீ நிறைய எடுத்தாரு, 2022லயும் ஒண்ணு கிடைச்சுது. 2004ல ஒரு பானை ஓடு கிடைச்சுது பாருங்க, அதுல மண்ணாலயே ஒட்டி ஒரு பொண்ணு, பக்கத்துல கொக்கு, மான், முதலைன்னு ஒரு முழு ஆத்தங்கரையே இருக்கு. பல தாழிக்கு மூடியா இன்னொரு தாழியையே கவுத்து வச்சிருக்காங்க.

எல்லாத்தையும் விட என்னைய உலுக்கினது ரீ எழுதின ஒரு விசயம்தான். இரும்பு ஆயுதம் எதுவா இருந்தாலும், வாளோ ஈட்டியோ, எல்லாமே மொனை கீழ பாத்தபடியேதான் கிடைச்சுதாம். வந்திருந்த சனங்க தாழியச் சுத்தி மண்ணுல குத்தி வச்சிட்டுப் போயிருப்பாங்கன்னு அவரு நினைக்கிறாரு. அந்தக் காட்சிய அந்தப் பரம்புல நின்னுக்கிட்டு யோசிச்சுப் பாருங்க, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் குனிஞ்சு குத்துறாங்க. இன்னைக்கு நாம குழியில ஆளாளுக்கு ஒரு கைப்பிடி மண்ணு போடுறோமே.

வெயில் ஏறிருச்சு, சித்தப்பா நிழல்ல உக்காந்து பனங்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தாரு. சாயந்திரம் வரைக்கும் அங்கயேதான் இருந்தோம்.

மூணாம் நாள், சிவகளை, அப்புறம் ஆறு

ஸ்ரீவைகுண்டத்துல பாலம் தாண்டி வடகரைக்கு வந்து பெருங்குளம் வழியா சிவகளை. இங்கயும் பரம்புதான் பேரு. ஆதிச்சநல்லூர் மாதிரி கண்ணாடி எதுவும் கிடையாது, தமிழ்நாடு தொல்லியல் துறை 2020ல இருந்து 2022 வரைக்கும் தோண்டிட்டு குழியெல்லாம் மூடிட்டாங்க. தெரியாத ஆளு வந்தா சும்மா முள்ளுக்காடுன்னு நினைச்சுப் போயிருவாங்க. ஆனா கீழ பாத்து நடந்தா சட்டி ஓடு, தாழி ஓடு. ஒரு தடிச்ச ஓட்ட கையில எடுத்துப் பாத்தேன், உள்பக்கம் கருப்பு வெளிப்பக்கம் சிவப்பு, உடைஞ்ச ஓரத்துல உமி கலந்த மண்ணு மாதிரி பொரபொரன்னு இருந்துச்சு. எடுத்த இடத்துலயே திருப்பி வச்சிட்டேன். தயவுசெஞ்சு வர்றவங்க யாரும் எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க, ஒவ்வொரு ஓடும் எந்த இடத்துல கிடக்குதுங்கிறதுதான் அதோட கதையே.

இந்த முள்ளுக்காட்டுல கிடைச்ச ஒரு தாழி மூடி உடையாம முழுசா இருந்துச்சு. உள்ள நெல்லு. அத லேபுக்கு அனுப்பினாங்க, கி.மு. 1155ன்னு வந்துச்சு. 2021 செப்டம்பர்ல சட்டசபையில முதலமைச்சர் இத அறிவிச்சப்ப நான் ஆபீஸ்ல இருந்தேன், நல்லா ஞாபகம் இருக்கு. 2025 ஜனவரியில அத விடப் பெரிய சேதி, இங்க இரும்போட கிடைச்ச கரியில ஒண்ணு கி.மு. 3345 வரைக்கும் போகுதுன்னு. இரும்பு பத்தி அறிஞர்கள் இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க, பேசட்டும். எனக்கு அந்த நெல்லு போதும். யோசிச்சுப் பாருங்க, 3000 வருசத்துக்கு முன்னாடி ஒருத்தர் செத்த வீட்டுல, அழுகைக்கு நடுவுல, ஒரு பொம்பள குதிருக்குப் போயி நெல்லு அள்ளிக் கொண்டாந்து கலயத்துல போட்டிருக்கா. போற எடத்துல பசிக்கும்னு. நாம இன்னைக்கும் வாய்க்கரிசி போடுறோம்.

சங்கப் பாட்டுலயும் இது வருது. புறநானூறு 256வது பாட்டு. புருசன் செத்துப்போன ஒரு பொம்பள குயவர்கிட்ட கெஞ்சுறா, வண்டிச் சக்கரத்து ஆரக்கால்ல ஒட்டிக்கிட்ட பல்லி மாதிரி அவரோடயே இத்தன காடு கடந்து வந்தவ நான், எனக்கும் சேத்து தாழிய கொஞ்சம் அகலமா வனைங்கன்னு. காலேஜ்ல பரீட்சைக்காகப் படிச்ச பாட்டு. நேத்து அந்தத் தாழியோட வாய் எவ்வளவு சின்னதுன்னு பாத்துட்டு இன்னைக்கு இத நினைக்கும்போது அந்த "அகலமா"ங்கிற வார்த்தை என்னவோ பண்ணுது.

சாயந்திரம் ஸ்ரீவைகுண்டத்துக்கே திரும்பி ஆத்துப் படித்துறையில போய் உக்காந்தோம். நான்தான் கேட்டேன், அங்க போலாம் சித்தப்பான்னு. போன வருசம் ஆச்சியக் கரைச்ச இடம். தாமிரபரணி நல்லா போய்க்கிட்டு இருந்துச்சு, அணையில தண்ணி விழுற சத்தம் கேட்டுது.

ஆச்சிய எரிச்ச மறுநாள் காலையில காடாத்துக்கு நாங்க ஆம்பளைங்க நாலு பேரு போனோம். சாம்பல்ல பால் தெளிச்சு அணைச்சுட்டு, அங்க இருந்த அண்ணாச்சி என்கிட்ட ஒரு புதுக் கலயத்தக் குடுத்து, "கால்ல இருந்து ஆரம்பிங்க தம்பி, தலை கடைசியில"ன்னாரு. பொறுக்கினேன். கால் எலும்பு, முழங்கால், இடுப்பு, கை, கடைசியா மண்டை ஓட்டுல ஒரு துண்டு. சூடு இன்னும் இருந்துச்சு. அவ்வளவு பெரிய மனுசி, எட்டுப் பிள்ளை பெத்தவ, ஒரு கலயத்துல அடங்கிட்டா. வாயத் துணியால கட்டி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பைக்குல பின்னாடி உக்காந்து இந்தப் படித்துறைக்கு வந்தேன். வழி பூரா கலயத்த அழுத்திப் புடிச்சிருந்தேன், கீழ விட்டிருவோமோன்னு பயம்.

நேத்து கண்ணாடிக்குக் கீழ அந்த எலும்புங்களப் பத்திப் படிச்சுக்கிட்டு நின்னப்ப எனக்கு வந்தது இதுதான். பொறுக்கி எடுத்து மண்ணுக் கலத்துல வைக்கிறது. அவங்களுக்கு நெருப்பு இல்ல, காத்தும் வெயிலும் அந்த வேலையச் செஞ்சுது, நாள் கூட ஆகியிருக்கும். ஆனா ஒருத்தர் குனிஞ்சு கையால ஒவ்வொண்ணா எடுத்திருக்காங்க இல்லையா? அந்தக் கை எனக்குத் தெரியும். வேண்டாத கிழங்கட்டைய உயிரோட அடைச்சு மூடின கை இல்ல அது.

சித்தப்பா ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, "அம்மைக்குப் பொடி டப்பாவும் வச்சு விட்டிருக்கலாம்ல"ன்னாரு. ஆச்சி மூக்குப்பொடி போடுவா.

நாலாம் நாள், கொற்கை

ஏரல் பக்கம். பாண்டியர் காலத்துல முத்துக்குப் பேர் போன துறைமுகம், இப்ப கடல் ஏழு கிலோமீட்டர் கிட்ட தள்ளிப் போயிருச்சு, ஊரச் சுத்தி வயலும் வாழையும்தான். 2000 வருசத்து வன்னிமரம்னு சொல்ற பெரிய மரம் ஒண்ணு ஊருக்குள்ள சாஞ்சு கிடக்கு, உள்ள பொந்து, இன்னும் இலை விடுது.

இங்க வந்ததுக்குக் காரணம் கால்டுவெல். 1870கள்ல அவர் கொற்கையில தோண்டிப் பாத்தப்ப தாழிங்க கிடைச்சுது, ஒண்ணு 11 அடி சுற்றளவு. அவரு ஊர்க்காரங்ககிட்ட விசாரிச்சு மதமதக்கத் தாழிங்கிற பேரையும், சாகாத கிழவங்களத் தாழிக்குள்ள வச்ச அந்தக் கதையையும் அப்பவே எழுதி வச்சிருக்காரு. அதாவது எங்க ஆச்சியோட ஆச்சி காலத்துலயும் இதே கதைதான் ஓடிருக்கு.

கதை எங்கருந்து வந்திருக்கும்னு நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். தாழியில வைக்கிற பழக்கம் நின்னு பல நூறு வருசம் ஆயிருச்சு, ஏன்னு சொல்ல ஆளும் இல்ல. அப்புறம் ஒரு நாள் கிணறு வெட்டும்போதோ மழையில கரை இடிஞ்சோ ஒரு தாழி வெளிய வருது, உள்ள முழங்கால மடக்கி உக்காந்த மாதிரி ஒரு எலும்புக்கூடு, பக்கத்துல சோத்துக் கலயம். பாக்குறவன் என்ன நினைப்பான்? வீட்டுல இதே மாதிரி சுருண்டு கிடக்கிற தன் ஆச்சி ஞாபகம்தான் வரும். என்னோட யோசனைதான் இது, எங்கயும் படிச்சதில்ல.

மத்தியானம் வன்னிமரத்துக்குப் பக்கத்துல ஒரு திண்ணையில ஒரு பாட்டி கீத்து முடைஞ்சுக்கிட்டு இருந்தா. தண்ணி கேட்டோம், செம்புல குடுத்தா. எங்கருந்து வர்றீய, என்ன சோலின்னு கேட்டா. தாழி பாக்க வந்தோம் பாட்டின்னேன். "மதமதக்கத் தாழியா?"ன்னு கீத்தக் கீழ வச்சிட்டா. "அது என்ன தெரியுமாய்யா, அந்தக் காலத்துல மனுசருக்குச் சாவே கெடையாது..."

சித்தப்பா என்னையப் பாத்தாரு. நான் திண்ணையில நல்லா சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டேன். அப்படியே ஆச்சி சொன்ன மாதிரியே வந்துச்சு, சுருங்கிப் போறது, பூனைக்குட்டி, மாடக்குழி, சோறு, தண்ணி, வெளக்கு. ஆனா இந்தப் பாட்டி கதையில கடைசியில ஒண்ணு கூட இருந்துச்சு, எங்க ஆச்சி சொன்னதே இல்ல.

"மூடுறதுக்கு முன்னால மூத்த மக தாழிக்குள்ள தலைய விட்டுக் கேப்பாளாம்யா," பாட்டி ரெண்டு கையையும் வட்டமா வச்சு அதுக்குள்ள குனிஞ்சு காட்டினா, "எம்மா, இன்னும் எதுவும் வேணுமாம்மான்னு."